வீடு மாறியாச்சு, கரண்ட் கேஸ் சப்ளையரை எப்போ மாத்துறது? அதுக்கு முன்னாடி மீட்டரை பாருங்க

கேள்வி:

வணக்கம். நாங்க திருச்சி பக்கம், வீட்டுக்காரர் வேலைக்காக லண்டன் வந்தோம். இவ்ளோ நாள் இல்ஃபோர்டுல ஒரு ரூம்ல இருந்தோம், அங்க வாடகையிலயே கரண்ட் கேஸ் எல்லாம் சேர்த்தி. இப்போ 2025 நவம்பர் 1-லேர்ந்து ஹாரோல ரெண்டு பெட்ரூம் வீடு எடுத்திருக்கோம், சாமானோட குடி வந்தது 8-ஆம் தேதி. ஒரு வயசு பையன் இருக்கான், மாமியாரும் ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. முதல் மாச பில் பார்த்து பயந்துட்டோம், கேஸ் 200 பவுண்ட், கரண்ட் 116 பவுண்ட். போன வாரம் ஒருத்தர் வந்து முன்னாடி குடியிருந்தவர் கேஸ் பாக்கி வச்சிருக்கார்னு கேட்டார், எங்களுக்கு எதுக்கு வம்பு ஒரு 50 பவுண்ட் கட்டிடலாமான்னு வீட்டுக்காரர் சொல்றார். இன்னொருத்தர் வாசலுக்கு வந்து எங்க கம்பெனிக்கு மாறுங்க மாசம் 95 பவுண்ட் ஃபிக்ஸ்டுன்னு சொல்லி டேப்லெட்ல கையெழுத்து கேட்டார். ஹவுஸ் ஓனரோ சப்ளையரை மாத்தக்கூடாதுங்கிறார். ஒரு வருஷத்துக்குள்ள மாத்தினா ஃபைன் போடுவாங்கன்னும் சொல்றாங்க. என்ன பண்றது? பில், மீட்டர் போட்டோ, வீட்டு இன்வென்டரி ரிப்போர்ட் எல்லாம் அனுப்பியிருக்கேன்.

ஹாரோவிலிருந்து ஒரு வாசகி

பதில் (2025 டிசம்பர்):

வணக்கம் சகோதரி. முதல்ல அந்த 50 பவுண்டை கட்டாதீங்க. 50 இல்ல, 5 பவுண்ட் கூட கட்டாதீங்க. மத்ததெல்லாம் நிதானமா பேசலாம், இதை மட்டும் இன்னைக்கே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க.

உங்க பயம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு நல்லா புரியுது, நம்ம ஊர்ல வீடு வாங்கும்போதும் சரி வாடகைக்கு போகும்போதும் சரி ஈபி பாக்கி இருக்கான்னு விசாரிச்சுட்டுதான் போவோம், ஏன்னா அங்க பாக்கி சர்வீஸ் நம்பரோட ஒட்டிக்கிட்டு இருக்கும், கட்டலைன்னா ஃபியூஸை புடுங்கிட்டு போயிடுவாங்க, அப்போ உள்ள யார் இருக்காங்களோ அவங்க தலையிலதான் விடியும். இங்கிலாந்துல அப்படி இல்லைங்க. இங்க பாக்கி ஆளோட போகுது, வீட்டோட இல்ல. முன்னாடி இருந்தவர் எவ்ளோ வச்சிட்டு போயிருந்தாலும் அதை சப்ளையர் அவர்கிட்டதான் கேட்கணும். உங்க கிரெடிட் ரிப்போர்ட்லயும் அது வராது, இந்த அட்ரஸ்ல யாரோ கடன் வச்சாங்கன்னு உங்க மேல கறை விழாது.

ஆனா வந்தவரை ஒண்ணும் சொல்லாம அனுப்பிட்டு கதவை சாத்திட்டு விட்டுடாதீங்க, அதுவும் தப்பு. நீங்க யாருன்னு சப்ளையருக்கு தெரியாத வரைக்கும் அவங்க ரெக்கார்டுல பழைய ஆளே இன்னும் அங்க குடியிருக்கிற மாதிரிதான் இருக்கும், அப்புறம் கோர்ட் வாரண்ட் வாங்கி ப்ரீபேமென்ட் மீட்டர், அதாவது முன்னாடியே காசு போட்டாத்தான் ஓடுற மீட்டர், மாட்ட வர்ற வரைக்கும் போன சம்பவமெல்லாம் எங்க ஆலோசனை சென்டர்ல பார்க்கிறோம். வாடகை அக்ரிமென்ட்ல உங்க பேரும் நவம்பர் 1 தேதியும் இருக்கிற பக்கத்தை போட்டோ எடுத்து, சப்ளையருக்கும் பாக்கி கேட்டு வந்தவரோட கலெக்‌ஷன் கம்பெனிக்கும் மெயில் போடுங்க, நாங்க இந்த தேதிலேர்ந்து இருக்கோம், இந்த பேர்ல இங்க யாரும் இல்லைன்னு நாலு வரி போதும். பழைய ஆள் பேர்ல லெட்டர் வந்தா பிரிக்காம, கவர் மேல இந்த அட்ரஸ்ல இல்லைன்னு எழுதி திரும்ப போஸ்ட் பாக்ஸ்ல போட்டுடுங்க. ஆனா 'தி ஆக்குபையர்'னு போட்டு வர்ற லெட்டரை கண்டிப்பா பிரிங்க, அது உங்களுக்குத்தான், நிறைய பேர் விளம்பரம்னு நினைச்சு குப்பைல போட்டுடறாங்க.

இப்போ உங்க பில்லுக்கு வர்றேன், எனக்கு உண்மையிலயே கோபம் வந்தது இங்கதான். நீங்க அனுப்பின போட்டோ எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்த்தேன். உங்க பில் ரெண்டுமே தப்பு. நீங்க செலவு பண்ணினது அவ்ளோ இல்ல.

கரண்ட்டை முதல்ல எடுத்துக்கலாம். பில்லுல ஆரம்ப ரீடிங் 31,240-னு போட்டு பக்கத்துல இங்கிலீஷ்ல ஒரு 'E' எழுத்து இருக்கு பாருங்க, அது எஸ்டிமேட்டுன்னு அர்த்தம், யாரும் வந்து பார்க்கல, கம்ப்யூட்டர் குத்துமதிப்பா போட்டது. வீடு கொடுக்கும்போது என்னென்ன இருக்குன்னு ஏஜென்சி எழுதின உங்க இன்வென்டரி ரிப்போர்ட்டோட மூணாவது பக்கத்துல, சாவி எத்தனை கொடுத்தாங்கன்னு எழுதியிருக்கிற இடத்துக்கு கீழ, நவம்பர் 1-ஆம் தேதி மீட்டர் ரீடிங் 31,415-னு போட்டோவோட இருக்கு. நடுவுல இருக்கிற 175 யூனிட் முன்னாடி இருந்தவங்களோடது, யூனிட்டுக்கு 26 பென்ஸ் சொச்சம் வச்சா 46 பவுண்ட். அதாவது வாசல்ல வந்து கேட்டவருக்கு நீங்க ஒண்ணும் கொடுக்கல, ஆனா பில் வழியா அடுத்தவங்க கரண்ட்டுக்கு 46 பவுண்ட் உங்ககிட்ட கேட்கிறாங்க. டிசம்பர் 1-ஆம் தேதி நீங்க எடுத்த ரீடிங் 31,620, அதனால உங்களோடது 205 யூனிட்தான், ஸ்டாண்டிங் சார்ஜ் (எரிச்சாலும் எரிக்கலைன்னாலும் தினமும் வர்ற நிலையான கட்டணம்) சேர்த்து 70 பவுண்ட் வரணும். 

குடி வந்தது 8-ஆம் தேதிதானே, அதுலேர்ந்து தானே கணக்குன்னு நீங்க கேட்கலாம். இல்லைங்க, வாடகை எந்த தேதிலேர்ந்து ஆரம்பிக்குதோ அன்னைலேர்ந்து உங்க பொறுப்பு, வீடு பூட்டிக் கிடந்தாலும் ஸ்டாண்டிங் சார்ஜ் ஓடும். அதனாலதான் 8-ஆம் தேதி நீங்க எடுத்த போட்டோவை விட ஏஜென்சி எடுத்த 1-ஆம் தேதி ரீடிங் முக்கியம். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ஆள் வந்து அட்டைல எழுதிட்டு போயிடுவாரு, நாம மீட்டரை திரும்பிக்கூட பார்க்க மாட்டோம். இங்க ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீட்ல நாமதான் எடுத்து அனுப்பணும், அனுப்பலைன்னா கம்ப்யூட்டர் வாய்க்கு வந்ததை போடும்.

அடுத்து கேஸ். இதை கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இது உங்களுக்கு மட்டும் இல்ல, பழைய வீடுகள்ல வாடகைக்கு இருக்கிற நிறைய பேருக்கு நடக்குது, யாரும் கண்டுபிடிக்கிறது இல்ல. கேஸ் மீட்டர் ஓடுறது எவ்ளோ கேஸ் போச்சுன்னு அளவுல, பில் வர்றது கிலோவாட் அவர்ல, அதாவது யூனிட்ல. அதனால பில்லுக்குள்ள ஒரு கணக்கு நடக்கும். மீட்டர்ல ரெண்டு வகை இருக்கு, ரொம்ப பழசு கன அடில ஓடும், அதுல பெரும்பாலும் படிக்க வேண்டிய எண் நாலு இலக்கம், அதுக்கப்புறம் வந்தது கன மீட்டர்ல ஓடும், அதுல அஞ்சு இலக்கமும் அதுக்கு பின்னாடி சிவப்புல தசமமும் இருக்கும், எம் எழுத்துக்கு மேல சின்னதா 3 போட்டிருக்கும். கன மீட்டர்ல ஒண்ணு ஓடினா சுமார் 11 யூனிட். கன அடி மீட்டர்ல ஒண்ணு ஓடினா அது நூறு கன அடி, அதை 2.83-ஆல பெருக்கித்தான் கன மீட்டருக்கு கொண்டு வருவாங்க, அப்போ ஒண்ணுக்கு 31, 32 யூனிட் ஆயிடும்.

உங்க போட்டோல இருக்கிறது அஞ்சு இலக்க மீட்டர், 04812-லேர்ந்து 04907, எம் மேல 3 தெளிவா தெரியுது. 95 கன மீட்டர் ஓடியிருக்கு. அப்போ ஆயிரத்து அறுபது சொச்சம் யூனிட் வரணும். பில்லுல போட்டிருக்கிறது 3,017 யூனிட். பின்பக்கத்துல சின்ன எழுத்துல கணக்கு போட்டிருக்கிற வரியை பாருங்க, 2.83-ஆல பெருக்கியிருக்காங்க. எப்பவோ இந்த வீட்ல பழைய மீட்டரை எடுத்துட்டு புதுசு மாட்டியிருப்பாங்க, ரெக்கார்டுல மாத்தாம விட்டிருப்பாங்க, இப்படித்தான் இந்த தப்பு வழக்கமா வரும். முன்னாடி இருந்தவர் பாக்கி வச்சதுக்கே இதுதான் காரணமோ என்னவோ, பாவம். கேஸ் யூனிட் 6.3 பென்ஸ் வச்சு பார்த்தா உங்களுக்கு ஸ்டாண்டிங் சார்ஜோட 77 பவுண்ட் வரணும், கேட்டிருக்கிறது 200. ரேட் ஏரியாவுக்கு ஏரியா கொஞ்சம் மாறும், நான் நாடு முழுக்க உள்ள சராசரியை வச்சு சொல்றேன், ஆனாலும் ரெண்டும் சேர்த்து 316 கேட்ட இடத்துல 147 கிட்டதான் வரணும்.

ஒரு வேலை பண்ணுங்க, மீட்டர் மேல அச்சடிச்சிருக்கிற சீரியல் நம்பரும் பில்லுல இருக்கிற சீரியல் நம்பரும் ஒண்ணுதானான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. போட்டோல கேஸ் மீட்டரோட நம்பர் பாதிதான் தெரியுது. அது வேற வேறயா இருந்தா அதையும் சேர்த்து எழுதணும்.

சப்ளையருக்கு போன் பண்ணாதீங்க, எழுதுங்க. மெயில்ல 'புகார்'னு தலைப்புலயே போடுங்க, ஏன்னா சும்மா விசாரிக்கிற மாதிரி எழுதினா அதை அவங்க புகாரா பதிவு பண்ண மாட்டாங்க, நாள் கணக்கு ஓடாது. கரண்ட் ஆரம்ப ரீடிங் 31,415, ஆதாரம் இன்வென்டரி ரிப்போர்ட், கேஸ் மீட்டர் கன மீட்டர் வகை, கன அடியா கணக்கு போட்டிருக்கீங்க, ரெக்கார்டை திருத்தி பில்லை மறுபடி போடுங்கன்னு கேளுங்க. கூடவே 147 பவுண்டை கட்டிடுங்க, தகராறு இல்லாத தொகையை கட்டிட்டோம், மீதி தப்புன்னு சொல்றோம்னு அதையும் எழுதுங்க. மொத்தத்தையும் கட்டாம நிறுத்தி வைக்கிறது சரியில்ல, நாளைக்கு இவங்க கட்டவே இல்லைன்னு ஆயிடும். எட்டு வாரத்துக்குள்ள சரி பண்ணலைன்னா, இல்ல இதுக்கு மேல எங்களால முடியாதுன்னு முன்னாடியே கை விரிச்சுட்டா, புகாரை நடுநிலையா விசாரிச்சு முடிவு சொல்ற எனர்ஜி ஆம்புட்ஸ்மன்கிட்ட போகலாம், அதுக்கு காசு கிடையாது, அவங்க சொல்றதை நீங்க ஏத்துக்கிட்டீங்கன்னா சப்ளையர் கட்டுப்பட்டே ஆகணும்.

இதெல்லாம் எதுக்கு, பேசாம சப்ளையரையே மாத்திட்டா தொல்லை விட்டுதுன்னு தோணும். எங்ககிட்ட வர்றவங்க முக்கால்வாசி பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க, நான் வேண்டாம்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. மீட்டர் என்ன வகைங்கிறது சப்ளையர் கிட்ட மட்டும் இல்ல, எல்லா கம்பெனிக்கும் பொதுவான ஒரு டேட்டாபேஸ்ல இருக்கு, நீங்க மாறினாலும் புது சப்ளையர் அங்கேர்ந்துதான் விவரம் எடுப்பார், அப்போ அதே தப்பு அங்கயும் கூடவே வரும், எவ்ளோ குறைஞ்ச ரேட்டுக்கு மாறினாலும் கேஸ் பில் மூணு மடங்காத்தான் வந்துக்கிட்டு இருக்கும். இன்னொண்ணு, 28 நாளுக்கு மேல கட்டாத பாக்கி இருந்தா பழைய சப்ளையர் உங்களை போக விடாம தடுக்கலாம், இப்போ அவங்க கணக்குல நீங்க 316 பாக்கி. அதனால முதல்ல ரீடிங், அப்புறம் மீட்டர் ரெக்கார்டு, அப்புறம்தான் டாரிஃப், அதாவது விலைத் திட்டம். ஒரு மாசம் தள்ளிப்போனா நஷ்டம் ஒண்ணும் பெருசா இல்ல.

ஃபைன் பத்தி கேட்டீங்க. நீங்க இன்னும் யார்கூடவும் கையெழுத்து போட்டு கான்ட்ராக்ட் பண்ணல. வீட்டுக்குள்ள போய் முதல் லைட்டை போட்ட உடனே, ஏற்கனவே அந்த வீட்டுக்கு சப்ளை பண்ற கம்பெனியோட ஒரு கான்ட்ராக்ட் இருக்கிறதா சட்டமே எடுத்துக்கும், டீம்டு கான்ட்ராக்ட்னு சொல்வாங்க. இதுக்கு காலக்கெடு கிடையாது, விட்டுட்டு போறதுக்கு முன் நோட்டீஸும் வேண்டாம், எக்ஸிட் ஃபீஸும் (பாதியில விட்டா கேட்கிற கட்டணம்) கிடையாது. எக்ஸிட் ஃபீஸ்ங்கிறது ஃபிக்ஸ்டு டாரிஃப் எடுத்தவங்களுக்கு மட்டும்தான், அதுவும் முடியுறதுக்கு கடைசி 49 நாள்ல போட முடியாது. ஒரு வருஷம் இருந்தே ஆகணும்னு உங்ககிட்ட யார் சொன்னாங்களோ அவங்க வாடகை அக்ரிமென்ட்டையும் இதையும் போட்டு குழப்பிக்கிட்டிருக்காங்க.

ஹவுஸ் ஓனர் விஷயம். பில் உங்க பேர்ல வந்து நீங்களே சப்ளையருக்கு கட்டுறீங்கன்னா யார்கிட்ட வாங்கணும்ங்கிறது உங்க முடிவு, நியாயமான காரணம் இல்லாம அவர் தடுக்கக்கூடாதுன்னுதான் கரண்ட் கேஸ் கம்பெனிகளை கண்காணிக்கிற ஆஃப்ஜெம் சொல்லுது. அக்ரிமென்ட்ல ஒரு கம்பெனி பேரை எழுதியிருந்தா, மாத்தும்போது அவருக்கோ ஏஜென்சிக்கோ தகவல் கொடுங்கன்னு கேட்பாங்க, ஒரு மெயில் போட்டுடுங்க, சண்டை வேண்டாம். நீங்க மாத்துறது பில் போடுற கம்பெனியை மட்டும்தான், பைப்பும் வயரும் மீட்டரும் அதேதான், யாரும் வந்து சுவத்தை இடிக்கப் போறதில்லைன்னு சொன்னா பாதி ஹவுஸ் ஓனர்ங்க சரின்னுடுவாங்க. ஸ்மார்ட் மீட்டர் மாட்டறதா இருந்தா மட்டும் அவர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கிறது நல்லது. இல்ஃபோர்டுல நீங்க இருந்த மாதிரி ஓனரே பில் கட்டி வாடகைல வாங்கிக்கிட்டா அப்போ அவர் இஷ்டம்தான், ஆனா அங்கயும் தனியா யூனிட் கணக்குல காசு வாங்கினார்னா தான் வாங்கின விலைக்கு மேல வச்சு விற்கக்கூடாது.

இப்போ அந்த 95 பவுண்ட் ஆள். அவர் சொன்னதுல ஃபிக்ஸ்டுன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அதுலதான் எல்லாரும் விழறாங்க. ஃபிக்ஸ்டு டாரிஃப்னா ஃபிக்ஸ் ஆகிறது ஒரு யூனிட்டோட விலையும் ஒரு நாளோட ஸ்டாண்டிங் சார்ஜும்தான், உங்க மாச பில் இல்ல. 95-ங்கிறது டைரக்ட் டெபிட்டுக்கு (பேங்க்லேர்ந்து மாசா மாசம் தானா எடுத்துக்கிறது) அவர் போட்ட ஒரு நம்பர். நீங்க வருஷத்துக்கு கரண்ட் 2,400 யூனிட்டும் கேஸ் 9,000 யூனிட்டும் செலவு பண்ணுவீங்கன்னு வச்சுப்போம், குளிர்காலத்துல ஹீட்டிங், மாமியாரும் குழந்தையும் பகல்ல வீட்லயே, இந்த அளவு வரும். 2025 அக்டோபர் டிசம்பர் கேப் ரேட்ல, அதாவது உச்ச விலைல, கரண்ட்டுக்கு 632, கேஸுக்கு 567, ஸ்டாண்டிங் சார்ஜ் ரெண்டும் சேர்த்து வருஷத்துக்கு 320. மொத்தம் 1,519, மாசம் 127 பவுண்ட் கிட்ட வருது. 95 கட்டிக்கிட்டே போனா வருஷக் கடைசில 380 பவுண்ட் கிட்ட பாக்கின்னு ஒரு லெட்டர் வரும், அப்போ அந்த ஆளை எங்க போய் தேடுவீங்க? அவர் நல்லவராவே இருக்கட்டும், வாசல்ல நின்னுக்கிட்டு யாரும் டாரிஃப் முடிவு பண்ண வேண்டாம். பில்லை கைல கொடுக்காதீங்க, மீட்டர் நம்பரை சொல்லாதீங்க, டேப்லெட்ல விரலை வைக்காதீங்க. ஒருவேளை ஏற்கனவே கையெழுத்து போட்டிருந்தா 14 நாளுக்குள்ள வேண்டாம்னு சொல்லிடலாம், காசு பிடிக்க மாட்டாங்க.

கேப் கேப்னு சொல்றேன்ல, அதையும் சொல்லிடறேன். 2019 ஜனவரிலேர்ந்து ஆஃப்ஜெம் ஒரு உச்ச விலை வைக்குது, இப்போ மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாறும். அக்டோபர் டிசம்பர் 2025-க்கு 1,755 பவுண்ட்னு செய்தில கேட்டிருப்பீங்க. அதை பார்த்துட்டு அதுக்கு மேல பில் வராதுன்னு நினைச்சுக்கிறாங்க, அப்படி இல்ல, வருஷத்துக்கு கரண்ட் 2,700 யூனிட், கேஸ் 11,500 யூனிட் செலவு பண்ற ஒரு வீட்டுக்கு டைரக்ட் டெபிட்ல எவ்ளோ வரும்ங்கிற கணக்கு அது. உச்சவரம்பு யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான், நீங்க அதிகம் எரிச்சா அதிகம் வரும். இன்னொண்ணு, பில் வந்தப்புறம் கட்டறவங்களுக்கு இதே கணக்கு வருஷத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல அதிகம், அதனால பில் சரியானதும் டைரக்ட் டெபிட்டுக்கு மாறிடுங்க. பில் தப்பா இருக்கும்போதே டைரக்ட் டெபிட் போட்டுக் கொடுத்துடாதீங்க, அந்த 3,017 யூனிட்டை வச்சு மாசத் தொகையை நிர்ணயம் பண்ணி கணக்குலேர்ந்து எடுத்துடுவாங்க.

எந்த டாரிஃப் எடுக்கிறதுன்னா, என் அபிப்பிராயம் இதுதான். வாடகை ஒரு வருஷத்துக்கு போட்டிருக்கீங்க, கை குழந்தை இருக்கு, மாசா மாசம் விலை என்னாகுமோன்னு பார்த்துக்கிட்டிருக்கிற ஆளுங்க இல்ல நீங்க. கேப் விலையை விட யூனிட் ரேட் குறைவா இருக்கிற பன்னிரண்டு மாச ஃபிக்ஸ்டு ஒண்ணு எடுங்க, எக்ஸிட் ஃபீஸ் இல்லாதது, இல்லைன்னா கம்மியா இருக்கிறது. வீட்டுக்காரருக்கு வேலை வேற ஊருக்கு மாறுமோன்னு சந்தேகம் இருந்தா எக்ஸிட் ஃபீஸ் இல்லாததுதான் எடுக்கணும், வீடு மாறினா அதே டாரிஃப் கூட வருமா இல்ல ஃபீஸ் கேட்பீங்களான்னு சேர்றதுக்கு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, இது கம்பெனிக்கு கம்பெனி வித்தியாசம். ஒப்பிட்டுப் பார்க்க இலவசமா ஆலோசனை சொல்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்போட டூல் இருக்கு, தனியார் சைட்டுகளும் இருக்கு, தனியார்ல பார்த்தா எல்லா டாரிஃபையும் காட்டுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை அழுத்துங்க, இல்லைன்னா அவங்களுக்கு கமிஷன் வர்றதை மட்டும்தான் பெரும்பாலும் காட்டும். அங்க முன்னாடி இருந்தவரோட செலவையோ குத்துமதிப்பையோ போடாதீங்க, நான் மேல சொன்ன 2,400-ம் 9,000-மும் போடுங்க, ஒரு குளிர்காலம் முடிஞ்சதும் உங்க சொந்தக் கணக்கே கிடைச்சுடும். கரண்ட் ஒரு கம்பெனி கேஸ் ஒரு கம்பெனின்னு பிரிச்சும் வாங்கலாம், ஆனா உங்களுக்கு இப்போ அந்த தலைவலி வேண்டாம். தண்ணிக்கு மட்டும் வீட்ல குடியிருக்கிறவங்க கம்பெனி மாத்த முடியாது, அந்த ஏரியாவுக்கு எதுவோ அதுதான், அதனால தண்ணி பில் குறைச்சுத் தர்றேன்னு யாராவது வந்தா அப்படியே அனுப்பிடுங்க.

மாத்துறது ரொம்ப சுலபம். புது கம்பெனிகிட்ட அட்ரஸ் கொடுத்தா போதும், பழைய கம்பெனிக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவங்களே பேசிப்பாங்க, பெரும்பாலும் அஞ்சு வேலை நாள்ல முடிஞ்சுடும், ஒரு நிமிஷம் கூட கரண்ட் போகாது. பில்லுல கரண்ட்டுக்கு எம்பான்னு 13 இலக்க நம்பரும் கேஸுக்கு எம்பிஆர்என்னு ஒரு நம்பரும் இருக்கும், அதை மட்டும் கைல வச்சுக்கோங்க, சரியான வீட்டைத்தான் மாத்துறாங்களான்னு பார்க்க. மாறுற அன்னைக்கு மறுபடி ரெண்டு மீட்டரையும் போட்டோ எடுங்க, பழைய கம்பெனிக்கும் புது கம்பெனிக்கும் ஒரே எண் போகணும், ஒண்ணுக்கொண்ணு வேற எண் வச்சாங்கன்னா நடுவுல உள்ளதை ரெண்டு பேரும் உங்ககிட்ட கேட்பாங்க. பழையவங்க ஆறு வாரத்துக்குள்ள கடைசி பில் அனுப்பணும், உங்க பணம் மிச்சம் இருந்தா அந்த பில்லுக்கு அப்புறம் பத்து வேலை நாள்ல திருப்பித் தரணும். தவறினா 40 பவுண்ட் நஷ்ட ஈடு, கேட்காமலே வரணும், வரலைன்னா கேளுங்க.

உங்க மாதிரியே புது வீட்டுக்கு போற மத்தவங்களுக்கும் ரெண்டு விஷயம். வீட்ல சாவியோ கார்டோ போட்டு டாப்-அப் பண்ற மீட்டர் இருந்தா, முன்னாடி இருந்தவங்க விட்டுட்டு போன சாவியில ஒரு பவுண்ட் கூட போடாதீங்க, அவங்க கடன் அந்த மீட்டர்ல ஏத்தியிருந்தா நீங்க போடற காசு அதுக்கு போயிடும், சப்ளையரை கூப்பிட்டு புது சாவி வாங்கி கடனை அழிக்கச் சொன்னப்புறம் போடுங்க. புதுசா கட்டின பெரிய அபார்ட்மென்ட்னா ஹீட்டிங், சுடுதண்ணி மொத்த பில்டிங்குக்கும் ஒரே இடத்துலேர்ந்து வரும், ஹீட் நெட்வொர்க்னு பேரு, அதுல சப்ளையரை மாத்தவே முடியாது, வீடு பார்க்கப் போகும்போதே அதோட ரேட்டை கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.

நீங்க கேட்காத ஒண்ணையும் சொல்றேன். ப்ரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்னு ஒண்ணு இருக்கு, அஞ்சு வயசுக்கு கீழ குழந்தை இருக்கிற வீடு, வயசானவங்க, உடம்பு சரியில்லாதவங்க இருக்கிற வீடெல்லாம் சேரலாம். வேலைக்காக கரண்டை நிறுத்தப் போறாங்கன்னா முன்னாடியே தகவல், உதவி எல்லாம் கிடைக்கும். இது அரசாங்க உதவித்தொகை இல்ல, கம்பெனி கொடுக்கிற இலவச சேவை, விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. விசால பப்ளிக் ஃபண்ட்ஸ் இல்லைன்னு போட்டிருக்குன்னு பயந்துக்கிட்டு நம்மவங்க இதுல சேராமலே இருக்காங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். பையன் பேரை சொல்லி இப்போ இருக்கிற சப்ளையர்கிட்டயே பதிவு பண்ணுங்க, மாறினப்புறம் புது சப்ளையர்கிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க. மாமியார் வீட்ல இருக்காங்க, பில்லுக்கு பயந்து ஹீட்டிங்கை அணைச்சுட்டு ஸ்வெட்டரை போட்டுக்கிட்டு உட்காரச் சொல்லாதீங்க, நான் மேல போட்ட கணக்குப்படி உங்க உண்மையான செலவு இந்த அளவு வீட்டுக்கு சரியான செலவுதான்.

கடைசியா, 2026 ஜனவரி 1-ஆம் தேதி கேப் 1,758 ஆகுது. மொத்தத்துல 3 பவுண்ட்தான் வித்தியாசம், ஆனா கரண்ட் யூனிட் விலை ஏறுது, கேஸ் இறங்குது. அதுக்குள்ள நீங்க மாறியிருக்க மாட்டீங்க, அதனால டிசம்பர் 31 ராத்திரியோ 1-ஆம் தேதி காலையோ ரெண்டு மீட்டரையும் போட்டோ எடுத்து அன்னைக்கே அனுப்பிடுங்க, பழைய விலைல எரிச்சதை புது விலைல சேர்த்துடாம இருக்கும். சப்ளையர்கிட்டேர்ந்து பதில் வந்ததும், திருத்தின பில்லோட ரெண்டு பக்கத்தையும் எனக்கு அனுப்புங்க, அந்த 2.83 போயிடுச்சான்னு பார்த்துட்டு எந்த டாரிஃப்னு சேர்ந்தே முடிவு பண்ணலாம்.